மூத்தவளுக்கு இந்தியக் கடவுச்சீட்டு, சின்னவனுக்கு ஜெர்மன் கடவுச்சீட்டு

வாசகர் கேள்வி, 4 அக்டோபர் 2025

கோயம்புத்தூரில் பன்னிரண்டு ஆண்டுகளாக இயந்திரப் பொறியாளராக இருக்கிறேன். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் வேலை கிடைத்திருக்கிறது. சம்பளம், வரி, வாடகை எல்லாவற்றையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிட்டேன். என் மகளுக்கு நான்கு வயது. அவளை அங்கே வளர்ப்பது சரியா என்பதுதான் தெரியவில்லை. அங்கே பல ஆண்டுகளாக இருப்பவர்களிடம் கேட்டால், "நன்றாக இருக்கிறோம்" என்று சொல்லிவிட்டு உடனே பேச்சை மாற்றுகிறார்கள். ஏன் மாற்றுகிறார்கள் என்பதை யாராவது எழுதுங்கள்.

5 அக்டோபர் 2025

என் கணவர் 2011-இலும் நான் 2013-இலும் இந்த ஊருக்கு வந்தோம். மூத்தவள் 2016-இல் பிறந்தாள், சின்னவன் 2020-இல் பிறந்தான். இருவரும் ஒரே மருத்துவமனையில் பிறந்தவர்கள், ஒரே அறையில் உறங்குகிறவர்கள். ஆனால் மூத்தவள் இந்தியக் குடிமகள், சின்னவன் ஜெர்மன் குடிமகன். வெளிநாட்டுப் பெற்றோருக்கு இங்கே பிறக்கும் குழந்தைக்குக் குடியுரிமை கிடைக்க வேண்டுமானால், பெற்றோரில் ஒருவராவது எட்டு ஆண்டுகள் முறைப்படி இங்கே வாழ்ந்து, நிரந்தர வசிப்புரிமையும் பெற்றிருக்க வேண்டும் என்பது அன்றைய சட்டம். மூத்தவள் பிறந்தபோது என் கணவர் வந்து ஐந்து ஆண்டுகளே ஆகியிருந்தன. 2024 ஜூனில் அந்த எட்டை ஐந்தாகக் குறைத்தார்கள். அவளுக்கு அது காலம் கடந்து வந்த சலுகை.

சென்னை விமான நிலையத்தில் இறங்கியதும் சின்னவனுக்குத் துணையாக என் கணவர் வெளிநாட்டவர் வரிசைக்குப் போனார், நானும் மூத்தவளும் வேறொரு வரிசையில் நின்றோம். அப்போது அவளுக்கு ஏழு வயது. "தம்பி நம்ம ஊர் இல்லையா?" என்று கேட்டாள். அதற்கு அன்று நான் ஏதோ சொல்லிச் சமாளித்தேன். இப்போது கேட்டாலும் ஏதோ ஒன்றைத்தான் சொல்வேன்.

உங்கள் கேள்விக்கு வருகிறேன். தாய் என்ற முறையில் இந்த நாட்டிடம் எனக்குப் பெரிய குறை ஏதும் இல்லை. மகள் என்ற முறையில், இங்கே கழியும் ஒவ்வொரு நாளும் நான் செய்யாமல் விட்ட ஒரு கடமையின்மேல் இன்னொரு நாளாகச் சேர்கிறது. இரண்டையும் ஒரே மூச்சில் சொல்வது கடினம் என்பதால்தான் கேட்டவுடன் பேச்சை மாற்றிவிடுகிறோம் என்று நினைக்கிறேன். நாங்கள் இருவரும் இன்னும் ஜெர்மன் குடியுரிமை எடுக்கவில்லை. எடுத்தால் மயிலாடுதுறைக்கு அருகில் அப்பா விட்டுச் சென்ற பன்னிரண்டு மா நிலத்தில் என் பங்கு போய்விடும் என்பதே அதற்குக் காரணம்.

8 அக்டோபர் 2025

நல்லதை முதலில் எழுதுகிறேன், ஏனென்றால் அது உண்மையிலேயே நல்லது.

எங்கள் வீட்டிலிருந்து தொடக்கப்பள்ளி எண்ணூறு மீட்டர் தூரத்தில் இருக்கிறது. ஸ்டுட்கார்ட் மலைச்சரிவுகளுக்கு நடுவே கிண்ணம்போல் அமைந்த ஊர் என்பதால் நானூறுக்கும் மேற்பட்ட படிக்கட்டுப் பாதைகள் இங்கே உண்டு. பள்ளிக்குப் போகும் வழியிலும் அப்படி ஒன்று இருக்கிறது. மூத்தவளுக்கு முதல் வகுப்பு தொடங்கிய சில வாரங்களிலேயே பள்ளி வாசலில் "இங்கிருந்து நான் தனியாகப் போவேன்" என்று எழுதிய பலகையை வைத்தார்கள். வாசல் வரைகூட வர வேண்டியதில்லை, பிள்ளைகள் ஒருவரோடொருவர் சேர்ந்து நடந்து வரட்டும் என்று ஆசிரியை பெற்றோர் கூட்டத்தில் சொன்னார். கல்லூரிக்குப் போகும் வரை பேருந்து நிறுத்தத்துக்கு யாராவது ஒருவர் துணைக்கு வந்த வீட்டில் வளர்ந்தவள் நான். ஆறு வயதுப் பிள்ளையைத் தெருவில் தனியாக அனுப்புவது என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கியது. நான்கு நாள்கள் நிறுத்திவைத்த வண்டிகளுக்குப் பின்னால் மறைந்து மறைந்து அவளைத் தொடர்ந்து போனேன். ஐந்தாம் நாள் அவள் திரும்பிப் பார்க்காமலேயே, "அம்மா, நீ பின்னால வர்றது எனக்குத் தெரியும்" என்றாள். அன்றோடு நிறுத்திக்கொண்டேன்.

நீச்சலும் அப்படித்தான். காவிரிக்கரையில் பிறந்த எனக்கு நீந்தத் தெரியாது. என் அண்ணன் ஆற்றில் குதித்துக் குதித்துக் கற்றுக்கொண்டான்; எனக்கு மட்டும் படித்துறையில் முழங்கால் அளவு தண்ணீருக்குமேல் அனுமதியில்லை. மூத்தவள் ஆறு வயதில் கடற்குதிரைச் சின்னம் வாங்கினாள். இருபத்தைந்து மீட்டர் நீந்த வேண்டும், தோளளவு தண்ணீரில் மூழ்கிக் கீழே கிடக்கும் பொருளை எடுத்து வர வேண்டும்; அதன்பின் தரும் துணிச் சின்னத்தைப் பிள்ளைகள் நீச்சலுடையில் தைத்துக்கொள்வார்கள். 2024 ஆகஸ்டில் ஊருக்குப் போயிருந்தபோது எங்கள் கோயில் குளத்தில் அவள் ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்கு நீந்தினாள். படித்துறையில் துணி துவைத்துக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். என் அம்மா முதலில் பதறினார், பிறகு கரையோரமாகவே அவளுக்கு இணையாக நடந்து வந்தார். பேத்தி படியேறியபோது அம்மாவின் முகத்தில் இருந்ததை நான் அதற்குமுன் பார்த்ததில்லை. எனக்குக் கிடைக்காத ஒன்று என் மகளுக்குக் கிடைத்திருக்கிறது என்று அந்தக் கணத்தில் தயக்கமில்லாமல் தோன்றியது.

12 அக்டோபர் 2025

பணத்தைக் கணக்குப் போட்டுவிட்டதாக எழுதியிருந்தீர்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் கிண்டர்கெல்ட் என்ற அரசு உதவித்தொகை (2025-இல் மாதம் 255 யூரோ) வருவதையும் சேர்த்திருப்பீர்கள். கணக்கில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

சின்னவன் பிறந்தது 2020 மே மாதத்தில். பிரசவத்துக்குத் தாய்வீடு போகிற வழக்கத்தில் வளர்ந்தவள் நான். மூத்தவளுக்காவது அம்மா இங்கே வந்து உடனிருந்தார். இரண்டாம் முறை விமானங்கள் இல்லை, எல்லைகள் மூடியிருந்தன. அப்போது எங்கள் வீட்டுப் படியேறி வந்தவர் ஹெபாமே என்று இங்கே சொல்லும் பேறுகாலத் தாதி. பிரசவத்துக்குப் பின் பன்னிரண்டு வாரங்கள் வரை அவர் வீடு தேடி வந்து தாயையும் சேயையும் பார்ப்பதற்கான செலவை மருத்துவக் காப்பீடே ஏற்கிறது. அந்த அம்மாள் முகக்கவசத்தோடு வந்து தையலைப் பார்த்தார், தொப்புளைப் பார்த்தார், நான் சாப்பிட்டேனா என்று கேட்டார். பால் சுரக்க அவர் எழுதிக்கொடுத்த தேநீரில் சோம்பும் இருந்தது. அன்று மாலை தொலைபேசியில் அம்மா எனக்குச் சொன்னதும் சோம்புக் கஷாயம்தான்.

ஒருநாள் அம்மா காணொளியில், நீட்டிய காலில் குழந்தையைப் போட்டுக் குளிப்பாட்டும் முறையை ஒரு தலையணையை வைத்துச் செய்துகாட்டிக்கொண்டிருந்தார். தாதி அருகில் உட்கார்ந்து அதை இரண்டு முறை காட்டச் சொல்லிப் பார்த்தார். அவர் ஜெர்மனில் கேட்டார், அம்மா தமிழில் பதில் சொன்னார், நான் மொழிபெயர்க்கும்முன்பே இருவருக்கும் புரிந்துவிட்டது. அன்று நான் அழுதேன். யாரை நினைத்து அழுதேன் என்று இன்றுவரை பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

20 அக்டோபர் 2025

இன்று தீபாவளி. திங்கட்கிழமை, பள்ளி உண்டு, அலுவலகம் உண்டு. காலை ஐந்து மணிக்கு இருட்டில் பிள்ளைகளை எழுப்பி எண்ணெய் தேய்த்துக் குளிக்கவைத்து, புதுச்சட்டைக்குமேல் குளிர்ச்சட்டையை மாட்டி அனுப்பினேன். வெடிச் சத்தமே இல்லாத தெருவில் அவர்கள் படிக்கட்டில் இறங்கிப் போனதைச் சாளரத்திலிருந்து பார்த்தேன். வேறு எதுவும் எழுதத் தோன்றவில்லை.

26 அக்டோபர் 2025

இன்று அதிகாலை கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னோக்கி வைத்தார்கள். இந்தியாவுக்கும் எங்களுக்கும் இடையே மூன்றரை மணி நேரமாக இருந்த தொலைவு நான்கரை ஆகிவிட்டது. கோடையில் மாலை நாலரைக்கு வேலை முடிந்து நடந்துகொண்டே அம்மாவிடம் பேசுவேன். அங்கே எட்டு மணி, சாப்பிட்டு முடித்திருப்பார். இனி மார்ச் வரை என் நாலரை அவருக்கு ஒன்பது. எட்டரைக்கே படுத்துவிடுகிறவர் அவர். ஆகவே நண்பகல் உணவு இடைவேளையில் அவசர அவசரமாகப் பேசுகிறேன். ஒவ்வோர் ஆண்டும் இந்த ஒரு மணி நேரம் என்னிடமிருந்து எதையோ எடுத்துக்கொண்டு போகிறது.

அம்மாவுக்கு அறுபத்தொன்பது வயது. அப்பா 2019 பிப்ரவரியில் போன பிறகு தனியாக இருக்கிறார். நான் ஃபிராங்ஃபர்ட் போய், சென்னையில் இறங்கி, அங்கிருந்து காரில் ஊர் சேரும் வரை அப்பாவை ஃபிரீசர் பெட்டியில் வைத்துக் காத்திருந்தார்கள். வாசலில் நின்ற பெரியவர்களில் ஒருவர்கூட என்னைக் குறை சொல்லவில்லை. "வந்துட்டியாம்மா" என்று மட்டும் கேட்டார்கள்.

அம்மாவை இங்கே அழைத்துக்கொள்ளலாமே என்று இந்த இழையில் இருவர் கேட்டிருக்கிறீர்கள். சுற்றுலா அனுமதியில் எந்த 180 நாள்களை எடுத்தாலும் 90 நாள்களுக்குமேல் இருக்க முடியாது; அதற்கே 30,000 யூரோவுக்குக் குறையாத மருத்துவக் காப்பீடு வேண்டும். நிரந்தரமாக அழைக்க, மிகக் கடுமையான இன்னலை நிரூபிக்க வேண்டும். தனிமை அந்தக் கணக்கில் சேராது. 2024-இல் சட்டத்தில் ஒரு வாசல் திறந்தார்கள்: திறன்மிகு பணியாளர்கள் தம் பெற்றோரையும் வாழ்க்கைத் துணையின் பெற்றோரையும் அழைத்து வரலாம். ஆனால் அந்தப் பணியாளருக்கு முதல் வசிப்பு அனுமதி 2024 மார்ச் 1 அன்றோ அதற்குப் பிறகோ கிடைத்திருக்க வேண்டும். பத்தாண்டுகளுக்குமேல் இங்கே வரி கட்டிய எங்களுக்கு அந்த வாசல் இல்லை, நேற்று வந்தவருக்கு உண்டு. கோயம்புத்தூர் நண்பரே, நீங்கள் அந்தத் தேதிக்குப் பிறகு வருகிறவர். பிழைப்புக்கான வருமானத்தையும் காப்பீட்டையும் காட்ட வேண்டும், அந்த வயதில் காப்பீடு கிடைப்பது எளிதல்ல என்றாலும் கதவு உங்களுக்குத் திறந்திருக்கிறது. உங்கள் தாய் தந்தையரிடம் இதைப் பற்றி இப்போதே பேசுங்கள்.

அம்மா 2023 கோடையில் வந்து எண்பத்தாறு நாள்கள் இருந்தார். பால்கனியில் நாற்காலி போட்டு உட்காருவார். ஒருநாள், "வீடு நல்லாத்தான் இருக்கு, வாசல்தான் இல்ல" என்றார். கோலம் போடுகிற வாசலைச் சொல்கிறார் என்று நினைத்தேன். போகிற வருகிறவர்கள் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போகும் இடத்தைச் சொல்லியிருக்கிறார் என்பது அவர் திரும்பிப் போன பிறகே எனக்கு உறைத்தது.

29 அக்டோபர் 2025

ஒரு திருத்தம். முதல் குறிப்பில் நான் எழுதிய நிலக் கணக்கு தவறு என்று ஒருவர் சுட்டிக்காட்டியிருக்கிறார், அவர் சொல்வது சரி. இந்தியக் கடவுச்சீட்டை ஒப்படைத்து வெளிநாடுவாழ் இந்தியக் குடிமக்கள் அட்டை பெற்றவர்கள் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கத்தான் முடியாது. வாரிசு உரிமையில் வருவதை வைத்துக்கொள்ளத் தடையில்லை. அண்ணனிடம் கேட்டேன், அவரும் வழக்கறிஞரிடம் விசாரித்து அதையே சொன்னார்.

இத்தனை ஆண்டுகளாக நிலத்தைக் காரணமாகச் சொல்லிவந்திருக்கிறேன், ஒருமுறைகூட விசாரிக்காமல். அது காரணமாக இருந்திருந்தால் என்றோ விசாரித்திருப்பேன். இதைப் பற்றி யோசித்துவிட்டு எழுதுகிறேன்.

12 நவம்பர் 2025

நேற்று மார்ட்டின் திருநாள். குளிரில் நடுங்கிய பிச்சைக்காரனுக்குத் தன் மேலங்கியை வாளால் இரண்டாக வெட்டிப் பாதியைக் கொடுத்த போர்வீரனின் நினைவாக, பிள்ளைகள் தாங்களே காகிதத்தில் செய்த விளக்கைக் கோலில் தொங்கவிட்டுப் பாடிக்கொண்டே இருட்டில் ஊர்வலம் போவார்கள். சின்னவனின் கிட்டாவிலிருந்து, அதாவது மழலையர் காப்பகத்திலிருந்து, நாங்களும் போனோம். இன்னும் மூன்று வாரத்தில் கார்த்திகை வருகிறது. இரண்டையும் சின்னவன் "விளக்குப் பண்டிகை" என்றுதான் சொல்கிறான், அவனுக்கு இடையில் வேறுபாடே தெரியவில்லை. அதை நான் திருத்தவில்லை.

மொழியைப் பற்றிக் கேட்டவருக்கு: சனிக்கிழமைகளில் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்புகிறோம். 1983-க்குப் பிறகு உயிரைக் காத்துக்கொள்ள இங்கே வந்த ஈழத்தமிழர்கள் உழைப்பால் எழுப்பிய பள்ளிகள் இவை. வார நாள்களில் வேறு வேலை பார்க்கும் ஆசிரியர்கள் ஓய்வுநாளைக் கொடுத்துக் கற்பிக்கிறார்கள். மூத்தவள் அங்கே படித்ததால், "அம்மம்மாவோட கதைக்கப் போறேன்", "சட்டை வடிவா இருக்கு" என்கிறாள். என் அம்மாவுக்கு அது தேனாக இனிக்கிறது. இன்னொரு பக்கம் அவள் தமிழுக்குள் ஜெர்மன் எலும்பு ஓடுகிறது. பசிக்கிறது என்று சொல்வதில்லை, "எனக்குப் பசி இருக்கு" என்கிறாள். குளிருது என்று சொல்வதில்லை, "எனக்குக் குளிரா இருக்கு" என்கிறாள். சின்னவனுக்கு நான் தமிழில் கேட்டது புரிகிறது, பதில் ஜெர்மனில் வருகிறது. ஹம் நகரத்துக் காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு ஒருமுறை போயிருந்தோம். தொழிற்சாலைகளுக்கு நடுவே நிற்கும் அந்தக் கோபுரத்தைக் கண்டதும் அவன் வியப்போடு சொன்ன முதல் சொல்லும் ஜெர்மன்தான். நான் பொறுமையாகத் தமிழிலேயே தொடர்கிறேன். இதில் எனக்கு வெற்றி கிடைக்கும் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

15 நவம்பர் 2025

மேலே எழுதியதோடு ஒன்றைச் சேர்க்க வேண்டும். எங்கள் ஊரிலிருந்து தரங்கம்பாடி அரைநாள் சைக்கிள் பயணம்கூட இல்லை. 1706-இல் அங்கே வந்திறங்கிய ஜெர்மானிய மதபோதகர் சீகன்பால்கு, திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு உட்கார்ந்து மணலில் விரலால் எழுதித் தமிழ் கற்றதாகப் பள்ளியில் எங்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அவர் 1719-இல், முப்பத்தாறு வயதில், அங்கேயே இறந்து அங்கேயே அடக்கமானார். நான் இங்கே வந்த முதல் ஆண்டில், பத்தொன்பது வயதுப் பிள்ளைகளுக்கு நடுவே மாலை வகுப்பில் உட்கார்ந்து ஜெர்மன் பெயர்ச்சொற்களுக்கு மூன்று பால் மனப்பாடம் செய்தபோது அவரை அடிக்கடி நினைத்துக்கொண்டேன். மண்ணில் எழுதிக் கற்ற மொழியில் அவருக்குக் கனவு வந்திருக்குமா? எனக்கு இன்னும் ஜெர்மனில் கனவு வரவில்லை. மூத்தவள் தூக்கத்தில் பேசுவது ஜெர்மன்.

22 நவம்பர் 2025

இந்தக் குறிப்பு நீளும், ஏனென்றால் இப்போது எங்கள் வீட்டில் இதுதான் பேச்சு.

இங்கே தொடக்கப்பள்ளி நான்கு ஆண்டுகள்; பெர்லினிலும் பிராண்டன்பர்க்கிலும் மட்டும் ஆறு. அதன்பின் பிள்ளைகளைப் பிரிக்கிறார்கள். பல்கலைக்கழகத்துக்கு நேராகப் போகும் கிம்னாசியம் ஒரு வழி, ரியால்ஷூலே போன்றவை வேறு வழிகள். எங்கள் மாநிலத்தில் சென்ற கல்வியாண்டிலிருந்து விதியை இறுக்கியிருக்கிறார்கள்: பெற்றோர் விருப்பம், ஆசிரியர் பரிந்துரை, நான்காம் வகுப்பில் கணக்கிலும் ஜெர்மனிலும் நடக்கும் தேர்வு ஆகிய மூன்றில் இரண்டு ஒத்துப்போனால்தான் கிம்னாசியம், இல்லையென்றால் தனியாக ஒரு திறன்தேர்வு எழுத வேண்டும். மூத்தவள் இப்போது நான்காம் வகுப்பில் இருக்கிறாள். ஆசிரியை எங்களை அழைத்து, அவள் நன்றாகச் சிந்திக்கிறாள், ஆனால் மெதுவாக எழுதுகிறாள், எழுத்து ஜெர்மனில் சொல்வளம் குறைகிறது, ஆகவே தமக்கு இன்னும் தயக்கம் இருக்கிறது என்றார். அன்பாகத்தான் சொன்னார். எனக்குத்தான் அன்று இரவு தூக்கமில்லை.

பத்து வயதில் நான் கணக்கில் நூற்றுக்கு முப்பத்திரண்டு வாங்கினேன். ஒன்பதாம் வகுப்பில் ஓர் ஆசிரியர் வந்தார், அதன்பிறகு கணக்கு எனக்குப் பிடித்துப்போனது, பின்னாளில் அதுவே சோறு போட்டது. என்னைப் பத்து வயதில் எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற எண்ணம் போகவே மாட்டேன் என்கிறது. வீட்டில் ஜெர்மன் பேசாத பிள்ளைக்கு இந்த எடைபோடல் இன்னும் கடுமையானது. அவளோடு தமிழில் பேசியதால் அவளுக்குக் கதவை நானே சாத்திவிட்டேனோ என்று ஒரு கணம் நினைத்ததை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

23 நவம்பர் 2025

நேற்று எழுதியது கோபத்தில் எழுதியது. ரியால்ஷூலே முடித்தாலும் தொழிற்கல்வி சார்ந்த கிம்னாசியத்தில் சேர்ந்து பல்கலைக்கழகத் தகுதி பெறலாம். கதவு பிறகும் திறக்கும். எங்கள் கட்டடத்தில் ஒரு மின்பணியாளர் இருக்கிறார். பதினாறு வயதில் மூன்றரை ஆண்டுப் பயிற்சியில் சேர்ந்தவர். இன்று தனக்குக் கீழே நான்கு பேரை வைத்திருக்கிறார். மாடியில் குடியிருக்கும் மருத்துவர் அவரைச் சமமாக நின்று வணங்கிப் பேசுகிறார். ஊரில் ஐ.டி.ஐ. படித்த என் சித்தப்பா மகனை எங்கள் வீட்டு விசேஷங்களில் எந்த வரிசையில் உட்காரவைத்தோம் என்று எனக்குத் தெரியும். என் பயத்தில் பாதி மகளைப் பற்றியது, மீதி என் ஊர் என்ன சொல்லும் என்பது. இரண்டாவதை அவள்மேல் ஏற்றக் கூடாது என்று நேற்றிரவு கணவர் சொன்னார். சரி என்றேன். மனம் இன்னும் அதை முழுதாக ஏற்கவில்லை.

30 நவம்பர் 2025

டிட்வா புயல். நேற்று தமிழ்ப் பள்ளியில் பாடமே நடக்கவில்லை. இலங்கையில் வெள்ளத்தில் உறவுகளின் நிலை தெரியாத ஆசிரியர்கள் தொலைபேசியோடு நடைவழியில் நின்றார்கள். எங்கள் பக்கம் சம்பா வயல் தண்ணீருக்குள் இருக்கிறது என்று அம்மா சொன்னார். பக்கத்து வீட்டுப் பையன் வந்து மோட்டாரைத் தூக்கி மேலே வைத்துவிட்டுப் போனானாம். அந்தப் பையனின் முகம்கூட எனக்குச் சரியாக நினைவில்லை.

6 டிசம்பர் 2025

நேற்று ஜெர்மன் நாடாளுமன்றம் புதிய படைச்சேவைச் சட்டத்தை நிறைவேற்றியது. 2011-இல் நிறுத்திவைத்த கட்டாயச் சேவை அப்படியே திரும்பவில்லை, சேர்வது விருப்பத்தின்பேரில்தான். ஆனால் 2008-இலும் அதற்குப் பிறகும் பிறந்த ஆண்கள் பதினெட்டு வயதில் கேள்விப்படிவம் நிரப்பியாக வேண்டும். ஐந்து வயதுச் சின்னவன் தரையில் படுத்து ரயில் ஓட்டிக்கொண்டிருந்தபோது நான் அந்தச் செய்தியைப் படித்தேன். அவன் பிறந்த நாளில் குடியுரிமையைப் பரிசாக நினைத்து மகிழ்ந்தேன். அதற்கு மறுபக்கம் ஒன்று இருக்கும் என்று அன்று தோன்றவில்லை.

சரி, நிலத்தைக் காரணமாகச் சொன்னதைப் பற்றி யோசித்துவிட்டு எழுதுகிறேன் என்றேன். வாக்குரிமைக்காக இந்தியக் குடியுரிமையை வைத்திருக்கிறேன் என்றும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஊருக்கு நேரில் போய்த்தான் வாக்களிக்க முடியும் என்பதால் 2013-க்குப் பிறகு நான் ஒருமுறைகூட வாக்களிக்கவில்லை. வாழும் ஊரில், என் பிள்ளைகள் விளையாடும் பூங்காவுக்கு வேலி போடுவதா என்று முடிவெடுக்கும் நகரமன்றத் தேர்தலில்கூட எனக்கு வாக்கில்லை. குடியுரிமை எடுப்பது கடினமும் அல்ல. முப்பத்து மூன்று கேள்விகளில் பதினேழுக்குச் சரியாக விடை சொல்ல வேண்டும், மொழித்தேர்வு ஒன்று, கட்டணம் 255 யூரோ. ஜெர்மனி இப்போது இரட்டைக் குடியுரிமையை ஏற்கிறது, இந்தியாதான் ஏற்பதில்லை. எடுத்தாலும் அம்மாவை அழைத்துவரும் உரிமை கிடைக்காது, அந்த விதி இங்குள்ள குடிமக்களுக்கும் அப்படித்தான்.

உண்மையான காரணம் வேறு. அம்மா அக்கம்பக்கத்தில், "பிள்ளைகள் படிப்பு முடிஞ்சதும் வந்துடுவா" என்று சொல்லிக்கொண்டிருக்கிறார். நான் திரும்பிப் போகப்போவதில்லை என்பது எனக்குத் தெரியும், அநேகமாக அவருக்கும் தெரியும். அந்த நீலப் புத்தகம் என் அலமாரியில் இருக்கும் வரை அவர் அப்படிச் சொல்லலாம். அதை ஒப்படைக்கும் நாளில் அந்த வார்த்தையை அவர் வாயிலிருந்து பிடுங்குகிறவள் நானாக இருப்பேன். ஆனால் மூத்தவள் தம்பியோடு ஒரே வரிசையில் நிற்க வேண்டுமே. என்னைப் பின்தொடர்ந்து அவளும் காத்திருப்பது எந்த வகையில் நியாயம்? அவளுக்கு மட்டுமாவது விண்ணப்பிப்பது பற்றி ஜனவரியில் அலுவலகத்தில் கேட்கப்போகிறோம்.

14 டிசம்பர் 2025

முதல் குறிப்பில் தாய், மகள் என்று இரண்டாகப் பிரித்து எழுதியது முழுச் சரியல்ல என்று இப்போது தோன்றுகிறது. சென்னையில் இருக்கும் அண்ணனும் அம்மாவை மாதம் ஒருமுறைதான் பார்க்கிறார். தொலைவுக்கு எல்லாப் பழியையும் இந்த நாட்டின்மேல் போட முடியாது.

இந்த வாரம் கேர்வொஹே எங்கள் முறை. இந்தப் பகுதி வழக்கம் அது: வாரம் ஒரு குடும்பம் பொதுப் படிக்கட்டையும் வாசலையும் துடைக்க வேண்டும், யார் முறையோ அவர்கள் கதவில் அட்டை தொங்கும். நாங்கள் குடிவந்த புதிதில், படியை ஓரம்வரை துடைக்கவில்லை என்று கீழ்வீட்டு மூதாட்டி கதவில் சீட்டு ஒட்டினார். அன்று மிகவும் புண்பட்டேன். இப்போது அவருக்கு எண்பத்து மூன்று வயது. ஒரே மகள் ஹாம்பர்க்கில் இருக்கிறார், கிறிஸ்துமசுக்கு மூன்று நாள் வந்து போவார். மூன்று ஆண்டுகளாக அவருடைய முறையையும் நாங்களே செய்கிறோம், அவர் வீட்டுத் தண்ணீர்ப் பெட்டிகளை நான்தான் மேலே தூக்கி வருகிறேன். நேற்றும் தூக்கிவந்து வைத்தேன். மாலை நாலரைக்கே இருட்டிவிட்டது. விளக்கைப் போட்டுவிட்டு, "உன் அம்மாவுக்கு யார் தூக்குகிறார்கள்?" என்று கேட்டார். பக்கத்து வீட்டுப் பையன் என்றேன். "அவனுக்கு நன்றி சொன்னாயா?" என்றார். இன்று காலை அம்மாவிடம் அந்தப் பையனின் எண்ணை வாங்கினேன்.

கோயம்புத்தூர் நண்பருக்கு: ஒரு வயது முடிந்த பிள்ளைக்குக் கிட்டா இடம் சட்டப்படி உரிமை என்றாலும் இங்கே இடம் எளிதில் கிடைப்பதில்லை, வருமுன்பே விண்ணப்பியுங்கள். தட்டம்மைத் தடுப்பூசி போட்ட சான்று இல்லாமல் சேர்க்க மாட்டார்கள், இரண்டு தவணையையும் அங்கேயே முடித்து எழுதி வாங்கிவாருங்கள். நீச்சல் வகுப்புக்குக் காத்திருப்போர் வரிசை நீளம். வந்த வாரமே உங்கள் மகளின் பெயரைக் கொடுத்துவையுங்கள்.